மரத்துப் போன முழங்கால்

பின்வாசல் கதவு நிலைக்கு மருந்தடிக்க வந்தவர்தான் எடைமேடைக்காரரின் வலது முழங்காலிலும் கறையான் இருப்பதைக் கண்டுபிடித்தார். மழைக்காலம் தொடங்க இன்னும் ஐந்து வாரம் இருந்த ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி. ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் நிலையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல மரம் டொக் டொக் என்றது, தின்ற மரம் பொத் பொத் என்றது. பொத் என்ற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நிலையிலிருந்து சுவர் அலமாரிக்கும், அலமாரியிலிருந்து நாள்காட்டி மாட்டிய பலகைக்கும், அங்கிருந்து சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியின் பின்காலுக்கும் போனார். வேலை என்று வந்துவிட்டால் குனிந்த தலை நிமிராத ஆள். நாற்காலிக்கு அடுத்துக் கையெட்டும் தூரத்தில் இருந்ததையும் அப்படியே தட்டினார். பொத் என்றது. இன்னொரு முறை தட்டினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் செய்தித்தாளைத் தாழ்த்தி, "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார். இங்கயும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கதவு நிலை, அலமாரி, பலகை, நாற்காலி என்று தம் சிறிய நோட்டில் எழுதி வைத்திருந்த வரிசைக்குக் கீழே முழங்கால், வலது என்று மருந்துக்காரர் சேர்த்துக்கொண்டார்.

அந்த நகரத்தில் பூச்சி வராத வீடு என்று ஒன்று கிடையாது. வருடத்தில் பத்து மாதம் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். உப்பு ஜாடிக்குள்ளேயே கரைந்து நிற்கும், தீக்குச்சியை உரசினால் தலை மட்டும் கழன்று விழும், அலமாரியில் வைத்த செருப்பில் ஒரே வாரத்தில் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும். எறும்புக்குச் சாக்பீஸ் கோடு, கரப்பானுக்குச் சர்க்கரையும் போரிக் பொடியும் பிசைந்த உருண்டை, எலிக்கு ஒட்டு அட்டை, மூட்டைப்பூச்சிக்கு மொட்டைமாடி வெயில் என்று ஆளுக்கொரு வைத்தியம் தெரியும். கறையானுக்கு மட்டும் ஆள் கூப்பிட வேண்டும். மற்ற ஜந்துக்கள் எல்லாம் மனிதர் புழங்குகிற இடத்துக்கு வரும், சிந்தியதைத் தின்னும், சத்தம் கேட்டால் ஓடும். கறையான் அசையாததைத் தேடி வரும். பிரிக்காமல் வைத்த பரிசுப் பெட்டி, இழுக்காத இழுப்பறை, புரட்டாத புத்தகம். எடைமேடைக்காரர் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் எட்டு மாதம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியபோது கதவுக்குப் பூசிய பெயிண்ட் மட்டும் கதவின் வடிவத்தில் நின்றிருந்தது. சாவியை நுழைத்ததும் அது ஒரு பெருமூச்சு விட்டு மடிந்து விழுந்தது. அந்தக் குடும்பம் பெயிண்டைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ச் சமைத்துச் சாப்பிட்டது.

எடைமேடைக்காரர் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த எடைமேடையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். லாரி ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடியே முள்ளைப் பார்த்து எண்ணை எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். இருபத்தேழு வருடமும் உட்கார்ந்து செய்த வேலை. ஓய்வு பெற்று வந்தபோது உட்காருவதில் அவருக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. தரைத்தள வீட்டின் முன்னறையில் ஒரு பக்கம் அவருடைய நாற்காலி, இன்னொரு பக்கம் மனைவியின் தையல் மிஷின். மனைவியைத் தெருவே தையல்காரம்மா என்று கூப்பிட்டது. ஒரே மகள். லிஃப்ட் பொருத்தும் தொழிலைப் படித்துவிட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் பேருந்தில் போக வேண்டிய தூரத்தில் இருந்த வேறொரு நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒரு திங்கட்கிழமை காலை அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாயங்காலம்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. வெட்டிய முடி இன்னும் கழுத்தில் ஒட்டியிருக்க, நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "சொல்லாமப் போனவ வந்து என் முன்னாடி நின்னு சொல்ற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கிறதா இல்ல."

குளியல், கழிப்பறை, படுக்கை ஆகிய மூன்றையும் அவரே சத்தியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். மற்றபடி சொன்ன சொல் தவறவில்லை. இரண்டாம் வருடம், போய் வருவது வீண் அலைச்சல் என்று படுக்கையையும் விட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கப் பழகிக்கொண்டார். தெருமுனை மளிகைக் கடை கைமாறிச் செல்போன் ரிப்பேர் கடையானது அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதை ஜன்னல் அளவுக்கு மட்டும் பார்த்தார். இப்படி ஆறு வருடம் போயிற்று. மகள் வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்வாள். அந்த நேரத்தில் அவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பாமல், காகிதம் சலசலக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அப்பா இன்னும் கோபமாத்தான் இருக்காரா?" என்று அவள் கேட்பாள். "ஆமாம்மா" என்பார் தையல்காரம்மா. அது பொய்யில்லை. அவர் கூப்பிடட்டும், வருகிறேன் என்று அவளும் பிடிவாதமாக இருந்துவிட்டாள். அப்பாவுக்குத் தப்பாத பெண்.

உண்மையில் மகள் சொல்லாமல் போகவில்லை. அந்தத் திங்கட்கிழமை அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா வந்ததும் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். தையல்காரம்மாதான் எழுப்பினார். "அவர் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நீ தங்கிடுவ. எனக்கு உன்னத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு. பக்குவமா நான் சொல்லிக்கிறேன்" என்று வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் சொல்வதற்கு வாயைத் திறந்தபோது மின்சாரம் போயிற்று. மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருக்கும்போது ரவிக்கை வாங்க வந்த மேல்வீட்டு அம்மாள், காலையில் உங்கள் பெண் பையோடு பஸ் ஏறினாளே என்று எடைமேடைக்காரரிடம் சொல்லிவிட்டார். விளக்கு திரும்ப எரிந்தபோது, அந்த அம்மாளையே சாட்சியாக வைத்துக்கொண்டு எடைமேடைக்காரர் சத்தியமே செய்து முடித்திருந்தார். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்வது, கட்டிய வீட்டின் அஸ்திவாரத்திலிருந்து ஒரு செங்கல்லை உருவுவது போலத் தோன்றியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தையல்காரம்மா நினைத்தார். அந்த நாளைக்கு ஆறு வருடம் வயதாகிவிட்டது.

மருந்துக்காரர் கால்சட்டையை மடித்துவிட்டுப் பார்த்தார். சுவருக்கும் தரைக்கும் இடையிலிருந்த விரிசலில் புறப்பட்ட பென்சில் அகல மண்கோடு ஒன்று, குதிகால் வழியாக ஏறி ஆடுதசையைச் சுற்றி முழங்காலுக்குள் போயிருந்தது. "நரம்பு சுருட்டிக்கிட்டிருக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார் தையல்காரம்மா. மருந்துக்காரர் நகத்தால் கோட்டைக் கீறினார். உள்ளே வெள்ளையாக ஓர் ஓட்டம் தெரிந்தது. ஒரு நிமிடத்தில் ஈரமண் வந்து கீறலை அடைத்துக்கொண்டது. அவர் குளிக்க எழுந்து போகும்போது அறுகிற கோடும், வந்து உட்கார்ந்ததும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"வலிக்குதா சார்?"

"இல்லியே. ரெண்டு வருஷமா கால் மரத்துப் போச்சு."

"மரத்துப் போனா அது வரத்தானே செய்யும்" என்றார் மருந்துக்காரர்.

உலகத்தில் எல்லோரும் சொல்கிற சொல்தான் அது. எடைமேடைக்காரர் தினமும் நாலு தடவை சொல்லியிருக்கிறார், தையல்காரம்மாவும் தைலத்தைத் தேய்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார். சொன்ன சொல்லை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, கறையானைத் தவிர.

மருந்துக்காரர் தையல்காரம்மாவைச் சமையலறைப் பக்கம் கூட்டிப் போய் விளக்கினார். "நிலைக்கு ஓட்ட போட்டு மருந்து விட்டா கறையான் சாகும், மரம் மரமாவே நிக்கும். சாருக்கும் விடலாம். ஆனா கால் இப்ப இருக்கிற மாதிரியே நின்னுரும். நான் மனுஷங்களுக்கு விட்டதில்ல, விடவும் எனக்கு மனசில்ல. இன்னொண்ணு, நடக்க வைங்க. ஆட்டிக்கிட்டே இருக்கிற பொருள்ல அது தங்காது."

"எவ்வளவு நாள் இருக்கு?"

"மழை வரைக்கும். மழை விழுந்தா றெக்கை முளைச்சு வெளிய போயிரும். அன்னைக்கு எதுவரைக்கும் தின்னிருக்கோ, அதுவரைக்கும் போனது போனதுதான்மா."

இடுப்பைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்று தையல்காரம்மா கேட்டார். மருந்துக்காரர் துளைபோடும் மிஷினின் ஒயரைச் சுற்றத் தொடங்கினார். முன்னறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எடைமேடைக்காரர், "நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார்.

மறுநாளிலிருந்து தையல்காரம்மா காலையில் எழுந்ததும் தையல் சாக்கட்டியால் கணவரின் காலில், மண்கோடு ஏறியிருக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டார். டேப்பை வைத்து அளந்தார். ஒரு நாளைக்கு அரை அங்குலம், புழுக்கம் அதிகமான நாளில் முக்கால். அளவெடுப்பது அவருக்குத் தொழில், ஆனால் இந்த அளவை எந்தத் துணியிலும் சரிக்கட்ட முடியவில்லை. மருத்துவரை வீட்டுக்கு வரவழைத்தார். மருத்துவர் தொடையில் குழாயை வைத்துக் கேட்டு, உள்ளே ஏதோ காகிதம் கிழிகிற மாதிரிச் சரசரவென்று கேட்கிறது, இது தம் படிப்புக்குள் வராது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மேல்வீட்டு அம்மாள் மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். நாற்றத்தால் இரண்டு நாள் யாரும் துணி தைக்கக் கொடுக்க வரவில்லை. கறையான் வந்த வழியே வந்தது. நாற்காலியோடு தூக்கிப் போய் மொட்டைமாடி வெயிலில் வைக்கலாம் என்று எதிர்வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். அவர் உட்கார்ந்தபடியே மேலே போய், உட்கார்ந்தபடியே கீழே வந்தார். சத்தியம் கெடவில்லை. கீழே இறக்கிய ஒருவர், பாரமே இல்லை, வெறும் நாற்காலியைத் தூக்கின மாதிரி இருந்தது என்று தையல்காரம்மாவிடம் தனியாகச் சொன்னார். அன்றைக்குத் தையல்காரம்மா சாப்பிடவில்லை.

பத்தொன்பதாம் நாள் சாக்கட்டிக் கோடு இடுப்புக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. மதியம் இரண்டு மணி. தையல்காரம்மா ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்து விரித்துப் பார்த்தபோது கை நுழைகிற வாயையே சேர்த்து மூடித் தைத்திருந்தது தெரிந்தது. முப்பது வருடத்தில் அப்படி ஒரு தப்பு அவர் செய்ததில்லை. மிஷின் சக்கரத்தை உள்ளங்கையால் நிறுத்தினார்.

"ஏங்க."

"ம்."

"அவ சொல்லாமப் போகல."

செய்தித்தாள் அசையவில்லை.

"என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. உங்ககிட்டயும் சொல்லணும்னுதான் பையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான்தான் விரட்டி அனுப்பினேன். நான் சொல்லிக்கிறேன்னேன். சொல்லல."

எடைமேடைக்காரர் தாளை நாலாக மடித்து மடியில் வைத்தார். "எப்ப சொல்றதா இருந்த?"

"அன்னைக்குச் சாயங்காலம்."

"எந்தச் சாயங்காலம்?"

"கரண்ட் போச்சே, அன்னைக்கு."

அவர் சுவரைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் பார்த்தார். ஆறு வருடம் அவர் உட்கார்ந்திருந்தது நாற்காலியில் இல்லை, அந்தச் சத்தியத்தின் மேல். இப்போது அதற்குக் கீழே தரையே கிடையாது என்று தெரிந்தது. முகம் கருத்துச் சிவந்தது. கைப்பிடியை அழுத்தி எழுந்தார். காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். சுவரிலிருந்து வந்த மண்கோடு அறுந்து, கால்சட்டை வழியாகப் பொலபொலவென்று மண் கொட்டியது. நாற்காலியையும் கறையான் முழுதாகத் தின்றிருந்ததால், அவர் எழுந்ததும் அது தானாகவே மாவாகி உட்கார்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பும் போடாமல், வலது காலை இழுத்து இழுத்து, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

தையல்காரம்மா மண்ணைக் கூட்டி முறத்தில் அள்ளினார். முக்கால் முறம் இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. இனி அவர் திரும்பி வரமாட்டார் என்றுதான் நினைத்தார். நினைத்துக்கொண்டே சட்டைக் கையின் தையலைப் பிரித்து மறுபடி தைத்தார், ஏனென்றால் மறுநாள் காலை அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. பிறகு, வந்த தைரியம் வற்றுவதற்குள் மகளுக்குப் போன் செய்தார்.

"அப்பாவுக்குக் கறையான் பிடிச்சிருக்கு" என்று தொடங்கினார்.

"எங்க?"

"வலது கால்ல."

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

"இடுப்புக்கு நாலு விரல் கீழ." அதற்குப் பிறகு மிச்சத்தையும் சொன்னார். மறுமுனையில் எங்கோ இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருந்தது.

"அவர் கோபமா இருக்கார்னு சொல்லிக்கிட்டே இருந்தியேம்மா."

"கோபமாத்தான்டி இருந்தார்."

"யார் மேல இருக்க வேண்டிய கோபம்?" என்று கேட்டுவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள்.

எடைமேடைக்காரர் துறைமுகச் சாலைவரை போயிருந்தார். அங்கே கண்ணாடி அறை இல்லை. லாரிகள் தாமாக ஏறி நின்று, ஒரு பெட்டி தானாகச் சீட்டைத் துப்ப, தாமாக இறங்கிப் போயின. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டு, இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்தார். இடது பாதத்தில் மூன்று கொப்புளம். வலது பாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் குடித்தார், பாய் விரித்துப் படுத்தார், மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையும் கோபம் அப்படியே இருந்தது, மறுபடி நடந்தார். கோபம் தீர்வதற்குத் தெரு போதவில்லை. பாலம்வரை போனார், மீன் ஏலம் போடும் கூடம்வரை போனார். போகிற வழியெல்லாம் கால்சட்டையிலிருந்து மண் உதிர்ந்ததால், அவர் எங்கெங்கே போய் வந்தார் என்று தெருவில் யாருக்கும் கேட்காமலே தெரிந்தது. மூன்றாம் நாள் தையல்காரம்மா, அவர் தூங்கும்போது, சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தார். கோடு போட்ட இடத்தில் கோடு இருந்தது. மண் இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.

ஐந்தாம் நாள் மகள் வந்தாள். பேருந்திலிருந்து இறங்கி நடந்து வரும்போது, எதிரே காலை இழுத்துக்கொண்டு அப்பா வருவதைப் பார்த்தாள். அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள், கை காய்த்திருந்தது. இரண்டு பேரும் நின்றார்கள்.

"எங்க போற?" என்றார் எடைமேடைக்காரர்.

"வீட்டுக்குத்தான்பா."

"வீடு அந்தப் பக்கம்."

"தெரியும். நீங்க சுத்திட்டு வாங்க, நானும் கூட வர்றேன்." பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தாள். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பாலத்தோடு திரும்பாமல் மீன் ஏலக் கூடத்தையும் தாண்டி, கலங்கரை விளக்கம்வரை போய்த் திரும்பினார்கள். நடந்த விஷயத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அவள் லிஃப்டைப் பற்றிச் சொன்னாள். பெட்டி மேலே போகும்போது அதற்கு எதிராக ஒரு பாரம் கீழே இறங்கும். அந்தப் பாரம் காலிப் பெட்டியின் எடையோடு, அது தூக்கக்கூடிய சுமையில் பாதியும் சேர்ந்தது. சரியாக இருந்தால் மோட்டாருக்கு வேலையே இருக்காது. எடைமேடைக்காரர் நடுச்சாலையில் நின்றுவிட்டார். "பாதியா? முழுசு இல்லியா?" என்று கேட்டார். ஏன் பாதி என்று அவள் விரல்விட்டு விளக்கினாள். இருபத்தேழு வருடம் எடை பார்த்தவருக்கு, எடையை எடையாலேயே தூக்கலாம் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. மகள் இப்படி ஒரு வேலைக்குத்தான் போனாள் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா என்று தனக்குள் கேட்டுப் பார்த்தார். சொல்லித்தான் இருப்பார். அது தெரிந்ததும் அவர் கோபத்தில் ஒரு பங்கு குறைந்தது. முழுவதும் குறையவில்லை.

வீட்டில் இப்போது அப்பாவும் மகளும் பேசினார்கள். அம்மாவோடு யாரும் பேசவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. வைத்ததைச் சாப்பிட்டார்கள், கழுவி வைத்தார்கள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தையல்காரம்மாவுக்குத் தோன்றியது. ஆறு வருடம் தான் இரண்டு பேருக்கும் கொடுத்ததைத்தான் இப்போது இரண்டு பேரும் தனக்குத் தருகிறார்கள் என்று புரிந்ததால் அவர் முறையிடவில்லை. மகளின் வேலைச் சட்டை தோளில் கிழிந்திருப்பதைப் பார்த்து, கனமான நீலத்துணியில் புதிதாக ஒன்று தைத்தார். ஸ்பேனர் வைக்க இடுப்புப் பக்கம் நீளமான பை, பென்சிலுக்குக் கையில் ஒரு சின்னப் பை. மடித்து அவள் பைமேல் வைத்தார். மறுநாள் காலை அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் அப்பாவோடு நடக்கப் போனாள். அளவு சரியாக இருந்ததா என்று சொல்லவில்லை. சரியாகத்தான் இருந்தது.

மருந்துக்காரர் இடையில் இரண்டு தடவை வந்தார். நிலைக்கும் அலமாரிக்கும் அடிச்சுவரில் ஓர் அடிக்கு ஓர் ஓட்டை போட்டு மருந்து விட்டு வெள்ளைச் சிமெண்டால் அடைத்தார். எடைமேடைக்காரரை நிற்க வைத்து இடுப்பிலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தார். தொடை டொக் என்றது. முழங்கால் மட்டும் இன்னும் பொத் என்றது. "இனி ஏறாது சார். இருக்கிறது மழைக்குப் போயிரும்" என்றார்.

மழை சொன்ன வாரத்தில் வந்தது. மதியம் மூன்று மணிக்குக் கொட்டத் தொடங்கி ஐந்தரைக்கு விட்டது. தெருவெல்லாம் ஆவி எழுந்தது. ஆறு மணிக்கு, எல்லா வீட்டிலும் விளக்குப் போட்ட நேரத்தில், எடைமேடைக்காரர் முன்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்து கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். முழங்கால் சிரட்டைக்குச் சற்றுக் கீழே குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. அதிலிருந்து ஓர் ஈசல் தலை நீட்டி, வெளியே வந்து, நனைந்த இறக்கையை உதறிக்கொண்டு காலின்மேல் நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வரத் தொடங்கின. டியூப்லைட்டை நோக்கிப் பறந்தவை சுவரில் மோதித் திரும்பி அவர் முகத்திலும் கண்ணிலும் அப்பின. மகள் துண்டை எடுத்து விசிறினாள். அவளுடைய தலையிலும் அப்பின. சுவர்ப் பல்லி ஒன்று எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றது. தையல்காரம்மா சமையலறை வாசலில், சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முன்னே வரவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை.

"லைட்ட அணை" என்றார் எடைமேடைக்காரர். யாருக்கு என்று மூன்று பேருக்கும் ஒரு நொடி தெரியவில்லை. அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "அணைச்சிட்டு இங்க வா" என்றார். பதினேழு நாளில் மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

விளக்கு அணைந்தது. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக விழுந்தது, ஈசலெல்லாம் ஆறு மாதிரி அந்தப் பக்கம் திரும்பி வெளியே போகத் தொடங்கின. தையல்காரம்மா வந்து தரையில் உட்கார்ந்தார். மகள் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தாள். இறக்கைகளின் சத்தம், தூரத்தில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி, ஒரே சீராகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எடைமேடைக்காரர் ஒரு மாதிரியாக மூச்சை இழுத்தார்.

"என்னங்க, வலிக்குதா?"

"இல்ல." தோள் குலுங்கியது. "கூசுது."

இரண்டு வருடமாக ஊசி குத்தினாலும் தெரியாத கால். "கூசுது, ஐயோ, கூசுது" என்று சொல்லிக்கொண்டே அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். மகளும் சிரித்தாள். தையல்காரம்மா மட்டும் அழுதார், ஆனால் இருட்டாக இருந்ததால் அதையும் அவர்கள் சிரிப்போடு சேர்த்துக்கொண்டார்கள். கடைசி ஈசல் ஏழே காலுக்குப் போயிற்று. மறுநாள் காலை தையல்காரம்மா இறக்கைகளைக் கூட்டி ஒரு தலையணை உறையில் அள்ளினார். உறை நிறைந்தது, ஆனால் தூக்கினால் கையில் ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முழங்கால் இருந்த இடத்தில் மெல்லிய சுவர்களும் வழிகளும் வளைவுகளுமாக ஒரு கட்டடம் தெரிந்தது. அதைக் கெடுக்க வேண்டாம், உறுதியாகத்தான் இருக்கிறது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். படிக்க வந்த மாணவர்கள் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டார்கள். மருந்துக்காரர் ஓட்டையை வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிடுகிறேன் என்றார். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று எடைமேடைக்காரர் மறுத்துவிட்டார். அந்த வருடம் மருந்துக்காரர் தம் பலகையை மாற்றி எழுதினார். வீடு, கடை, கிடங்கு என்று இருந்ததோடு பெரியவர்கள் என்றும் சேர்த்தார். மாதத்துக்கு ஒன்றிரண்டு பேராவது கூப்பிட்டார்கள். பெரும்பாலும் தோள், சில சமயம் நாக்கு. அவர் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் யாரிடம் பேசுவதில்லை என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்வார்.

மகள் லீவு முடிந்து கிளம்பியபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். "அப்பா, போயிட்டு வர்றேன்" என்றாள். "போயிட்டு வா" என்றார் அவர். அம்மாவிடம் திரும்பி, "சட்ட சரியாத்தான் இருக்கு. இன்னொண்ணு தைச்சு வை, பொங்கித் தின்னவே நேரமில்ல, துவைக்க எங்க நேரம்?" என்றாள். அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போனாள். மன்னித்தேன் என்று அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் எடைமேடைக்காரர், "சொல்ல வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கா?" என்று மனைவியைக் கேட்பார். தையல்காரம்மா யோசித்துச் சொல்வார். முதல் வருடம் பெரியவை தீர்ந்தன. அப்புறம், கல்யாணமான புதிதில் அவருடைய கட்டம்போட்ட சட்டையைப் பழந்துணிக்காரனுக்குப் போட்டுவிட்டுத் தொலைந்துபோனது என்று சொன்னது, மாமியார் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை உடைத்துவிட்டுப் பழியைப் பூனைமேல் போட்டது என்று சின்னவை வந்தன. பூனை விஷயத்துக்கு அவர் இரண்டு நாள் கோபமாக நடந்தார்.

நடை மட்டும் நிற்கவில்லை. காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. கடற்காற்று திரும்புகிற தெருமுனையில் அவர் வந்தால் அந்தச் சின்ன ஓட்டைக்குள் காற்று புகுந்து முழங்கால் ஊதும். தாழ்ந்த, நீளமான ஒரே சுரம், காலிப் புட்டியின் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி. முதலில் நாய்கள் காதைத் தூக்கின, பிறகு அவையும் பழகிவிட்டன. செல்போன் கடைக்காரர் அந்தச் சத்தம் கேட்டால் ஷட்டரில் பாதியை இறக்குவார், ஏனென்றால் எப்படியும் மணி ஆறரை. வீட்டுக்குள் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். காற்று இல்லாத நாட்களில் மட்டும் கொஞ்சம் தாமதமாகும்.